கினிப் பன்றியின் வயிறும் பெங்களூரு வீட்டுத் தீனியும்

பெங்களூருவில் வாடகைக்குக் குடியிருக்கும் பல குடும்பங்களுக்கு நாய் வளர்க்க வீட்டு உரிமையாளரின் சம்மதம் கிடைப்பதில்லை. அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் ஜீவன்பீமா நகரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் ஏதாவது ஒரு பிராணி வேண்டுமென்று அடம்பிடிக்கும்போது, குரைக்காத, எளிதில் கடிக்காத, ஒரு மூலையில் அடங்கிவிடுகிற கினிப் பன்றி வீட்டுக்குள் வருகிறது. கடையிலிருந்து அதனுடன் ஒரு பொட்டலத் தீனியும் வருகிறது. பிரித்துப் பார்த்தால் சூரியகாந்தி விதை, உடைத்த மக்காச்சோளம், கம்பு, சாயம் ஏற்றிய சிறு உருண்டைகள் ஆகியவை இருக்கும். கிளிக்கும் வெள்ளெலிக்கும் ஏற்ற கலவை அது. வீட்டுக்கு வந்தபின் இதனுடன் கேரட்டும் ரொட்டித் துண்டும் பிஸ்கட்டும், சில வீடுகளில் ஒரு பிடி சாதமும் சேர்ந்துகொள்கின்றன. சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே போகும். ஒரு நாள் காலையில் அது தின்ன மறுத்து, முடி சிலிர்த்து, முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்; அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ இறந்துவிடும். என்ன நோயென்றே தெரியவில்லை என்று வீட்டார் வருந்துவார்கள். இத்தகைய சாவுகளில் கணிசமானவற்றுக்குக் காரணம், பல வாரங்களாக அன்போடு ஊட்டப்பட்ட தவறான தீனிதான் என்பதையும், அதைத் தவிர்ப்பதற்கு வேண்டியவை பெரும்பாலும் இந்த நகரத்திலேயே கிடைக்கின்றன என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கினிப் பன்றி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தது. இன்றைய பெரு, பொலிவியா, எக்வடார் நாடுகள் அமைந்துள்ள நிலப்பரப்பில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அதைப் பழக்கி வளர்க்கத் தொடங்கிவிட்டனர். அதன் காட்டு இனத்து உறவுகள் இன்றும் அங்கே புல்வெளிகளில் மேய்ந்து வாழ்கின்றன. எலியைப் போன்ற தோற்றமுடையதாகவும் கொறிக்கும் விலங்குகளின் வரிசையில் வைக்கப்பட்டதாகவும் இருப்பதால், எலி தின்பதையெல்லாம் இதுவும் தின்னும் என்று நம்மவர்கள் எண்ணிவிடுகிறார்கள். எலி எதையும் தின்னும் பிராணி. கினிப் பன்றியோ மாட்டையும் முயலையும் போல முழுக்க முழுக்கத் தாவரம் மட்டுமே உண்ணும் பிராணி. அதிலும் தானியத்தையும் பழத்தையும்விடப் புல்லையே நம்பி அமைந்த வயிறு அதற்கு வாய்த்திருக்கிறது.

அந்த அமைப்பை வாயிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். கினிப் பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். முன்பற்கள் மட்டுமன்றிக் கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லின் தண்டில் உள்ள சிலிக்காவும் நாரும் பல்லோடு உராய்ந்து அதைத் தேய்க்கின்றன. வளரும் வேகமும் தேயும் வேகமும் சமமாக இருக்கும்வரை பல் சரியான உயரத்தில் நிற்கிறது. மென்மையான உருண்டைத் தீனியையும் பழத்தையும் மட்டும் கொடுத்தால், அவற்றை நசுக்கி விழுங்கச் சில அசைவுகள் போதும் என்பதால், பல் தேய்வதில்லை. கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்கள் நாக்கின் பக்கம் சாய்ந்தே அமைந்தவை; அவை மிகையாக வளரும்போது இருபுறமிருந்தும் நாக்கின்மேல் கவிந்து அதைச் சிறைப்பிடித்துவிடும். அதன்பின் விலங்குக்குப் பசி இருந்தும் விழுங்க முடியாது. தீனிக் கிண்ணத்தருகே ஓடி வந்து, முகர்ந்து பார்த்து, வாயில் எடுத்ததைக் கீழே விட்டுவிட்டுத் திரும்பிப் போகும் கினிப் பன்றியை இந்த நிலையில் காணலாம். தாடைக்குக் கீழே முடி எச்சிலால் நனைந்திருக்கும். செரிமானக் கோளாறென்று வருகிற பிராணிகளில் ஒரு பகுதி, உண்மையில் பல் கோளாறோடு வருபவை.

இரைப்பை சிறியது, ஒரே அறை கொண்டது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் அதிலுள்ளது கீழே இறங்கிவிடும். முழுக் குடற்பாதையையும் கடக்க 20 மணி நேரம் அளவுக்கு ஆகலாம். ஆகவே கினிப் பன்றி பகலும் இரவுமாகச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே இருக்கும். பின்னால் வரும் தீனிதான் முன்னால் போனதைத் தள்ளுகிறது; தின்பது நின்றால் குடலின் அசைவும் தளரத் தொடங்குகிறது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாத ஒன்றைத் தின்றுவிட்டால், அது முழுக் குடலையும் கடந்தே வெளியேற வேண்டும்.

இரைப்பையையும் சிறுகுடலையும் தாண்டினால் வருவது குருட்டுக்குடல். மனிதருக்கு இது பெயரளவுக்கே இருக்கும் ஒரு சிறு பை. கினிப் பன்றிக்கோ வயிற்றின் இடப்புறத்தில் பெருமளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் உறுப்பு. குடற்பாதையில் எந்த நேரத்திலும் இருக்கும் பொருளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குவரை இதற்குள் இருக்கும். இங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்து, விலங்குக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. வீட்டில் இட்லி மாவு புளிப்பதைக் கவனித்தவர்களுக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும்: அரிசியும் உளுந்தும் அளவாகவும், வெப்பம் இதமாகவும் இருக்கும்வரை மாவு நன்றாகப் பொங்குகிறது, ஏதேனும் ஒன்று மாறினால் வேறு நுண்ணுயிர்கள் மேலோங்கி மாவு கெட்டுவிடுகிறது. தானியத்திலும் ரொட்டியிலும் உள்ள மாவுச்சத்தும் பழத்தில் உள்ள சர்க்கரையும் சிறுகுடலில் முழுதாகச் செரிக்காமல் குருட்டுக்குடலை அடையும்போது நேர்வது இதுதான். அமிலத்தன்மை மாறுகிறது, நாரை நொதிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் குறைகின்றன, குளோஸ்டிரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் பெருகி நச்சையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. வாயு சேர்ந்தால் வலி. வலி வந்தால் விலங்கு தின்னாது. தின்னாவிட்டால் குடல் மேலும் தளரும். தளர்ந்த குடலில் வாயு மேலும் சேரும். இந்தச் சுழலில் சிக்கிய ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்கு அதிக அவகாசம் கிடையாது.

பசுவும் புல்லை நொதிக்க வைத்துத்தான் வாழ்கிறது. ஆனால் அதன் நொதிக்கலன் இரைப்பையிலேயே, குடலுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே உருவாகும் சத்தைப் பின்னால் வரும் குடல் முழுதாக உறிஞ்சிக்கொள்ளும். கினிப் பன்றியின் நொதிக்கலன் பாதையின் பிற்பகுதியில் இருப்பதால், நுண்ணுயிர்கள் செய்துகொடுக்கும் புரதமும் பி வகை வைட்டமின்களும் வைட்டமின் கே-யும் வீணாக வெளியேறிவிடக்கூடும். இதற்கு இயற்கை ஒரு வழி செய்திருக்கிறது. கினிப் பன்றி ஒரு நாளில் பலமுறை தலையைப் பின்னங்கால்களுக்கிடையே வளைத்து, மென்மையான ஒருவகைப் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து மென்று விழுங்கும். வீட்டில் முதன்முறை இதைப் பார்ப்பவர்கள் அருவருத்து, விலங்குக்குப் பசியோ கெட்ட பழக்கமோ என்று எண்ணித் தடுக்கப் பார்ப்பார்கள். தடுக்கக் கூடாது, அது அதன் உணவின் ஒரு பகுதி. அளவுக்கு மீறிப் பருத்த விலங்கால் வளைந்து அதை எடுக்க முடிவதில்லை என்பது, பருமனைத் தவிர்க்க வேண்டிய காரணங்களுள் ஒன்று. வயதான ஆண் கினிப் பன்றிகளுக்கு ஆசனவாய்ப் பகுதியின் தசைகள் தளர்ந்து, இந்த மென்புழுக்கை அங்கேயே திரண்டு அடைத்துக்கொள்வதும் உண்டு. அந்த வயதில் வாரந்தோறும் அப்பகுதியைப் பார்த்துச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் தீனியின் முறை தானே புலப்படும். உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல்லும் உலர்புல்லும் இருக்க வேண்டும். அதுவும் வேளைக்கு இவ்வளவு என்று அளந்து வைப்பதாக இல்லாமல், எப்போது பார்த்தாலும் கூண்டில் இருப்பதாக இருக்க வேண்டும். மீதி இடத்தில் காய்கறியும் கீரையும், மிகச் சிறிய அளவில் பெல்லட் எனப்படும் சிறு உருண்டைத் தீனியும் வரலாம். பெல்லட் என்றால், வளர்ந்த கினிப் பன்றி ஒன்றுக்கு நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி போதும். அதில் விதையோ சாயமோ உலர்பழமோ கலந்திருக்கக் கூடாது. முயல் தீனி பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தாலும் அதில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. கோழிக்கும் பண்ணை முயலுக்கும் செய்யப்படும் சில தீவனங்களில் கலந்திருக்கும் மருந்துகள் கினிப் பன்றிக்கு நஞ்சாகவும் முடியலாம்.

புல்லுக்கு எங்கே போவது என்பதுதான் பெங்களூரு வீட்டாரின் உண்மையான கேள்வி. குளிர்நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் டிமோதி உலர்புல் செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது; தரமானது, நார் மிகுந்தது. ஆனால் இரண்டு கினிப் பன்றிகள் வளர்க்கும் நடுத்தரக் குடும்பம் மாதந்தோறும் அதை வாங்கிக் கட்டுப்படியாகாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் பெல்லட்டையே வயிறு நிறையக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. விலை உயர்ந்த புல்லைச் சிறிதளவு கொடுப்பதைவிட, உள்ளூர்ப் புல்லைத் தாராளமாகக் கொடுப்பது விலங்குக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அந்த உள்ளூர்ப் புற்களில் முதலில் சொல்ல வேண்டியது அறுகம்புல். கன்னடத்தில் கரிகே என்பார்கள். பிள்ளையாருக்கு உகந்தது என்பதால் கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகளிலும், மல்லேஸ்வரத்திலும், அல்சூர் கோயில் வாசல்களிலும் கட்டுக்கட்டாக ஆண்டு முழுவதும் விற்கிறார்கள். விநாயக சதுர்த்தி சமயத்தில் விலை ஏறினாலும் மற்ற நாட்களில் மலிவாகவே கிடைக்கும். வாங்கி வந்ததும் கட்டைப் பிரித்து, அழுகிய தாள்களை நீக்கி, இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசி, ஈரம் உலரவிட்டுக் கொடுக்கலாம். பூவோடு சேர்ந்து ஈரச்சாக்கில் கிடந்த கட்டாக இருந்தால் நடுப்பகுதியை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்; உள்ளே சூடாகவோ வழவழப்பாகவோ இருந்தால் அது நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், கொடுக்கக் கூடாது. இதே காரணத்துக்காகத்தான் அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்தரையை இயந்திரத்தால் வெட்டியதும் குவித்துவைக்கும் புல்லையும் தொடக் கூடாது: நசுங்கிய புல் சில மணி நேரத்திலேயே சூடேறிக் கெட்டுவிடும், போதாதற்குப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தெளிக்கப்பட்டிருக்கும். தெருவோரப் புல்லில் நாய்களின் சிறுநீரும் வாகனப் புகையும் படிந்திருக்கும்.

நகரத்தின் விளிம்பில் பால்மாடு வைத்திருப்பவர்களிடம் நேப்பியர் புல்லும் கினியாப் புல்லும் கிடைக்கும். இரண்டையும் இளம் பருவத்தில் நறுக்கிக் கொடுத்தால் விரும்பித் தின்னும். சுண்ணாம்போடு சேர்ந்து சிறுநீர்க்கல்லாகக்கூடிய ஆக்சலேட் நேப்பியரில் சற்று மிகுதி என்பதால் அதை மட்டுமே நம்பியிராமல் அறுகு, கினியா ஆகியவற்றோடு மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. தீவனச் சோளப் பயிரை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். இளஞ்சோளத் தாளில் சயனைடு நஞ்சு உருவாகும் என்பது மாடு வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. குதிரைமசால் என்னும் லூசர்ன் தீவனம் இந்த ஊரில் தாராளமாக விளைகிறது. சத்து மிகுந்தது என்று சிலர் அதையே அள்ளிக் கொடுக்கிறார்கள். அதில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினையாக இருக்கும் அல்லது பாலூட்டும் பெண்ணுக்கும் அது பொருந்தும். வளர்ந்த விலங்குக்கு நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் சேர வழிவகுக்கும். அமாவாசையன்று பசுவுக்குக் கொடுக்கிற அகத்திக்கீரைக்கும் ஏறத்தாழ இதே எச்சரிக்கை பொருந்தும். நெல் வைக்கோலும் கேழ்வரகுத் தாளும் கூண்டில் படுக்கையாக விரிக்கத் தோதானவை. விலங்கு கொறித்தால் கெடுதல் இல்லை, ஆனால் சத்து மிகக் குறைவு என்பதால் அவற்றை முழு உணவாகக் கருதக் கூடாது.

மாலை நேரங்களில் மக்காச்சோளம் சுட்டு விற்பவர்களின் தள்ளுவண்டி அருகே கதிரை மூடியிருந்த பச்சை மட்டைகள் குவிந்து கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வெளிப்புற மட்டைகளை நீக்கிவிட்டு உட்புறத்து இளம் மட்டைகளையும் பட்டுநூல் போன்ற குஞ்சத்தையும் கழுவிக் கொடுத்தால், அவற்றில் நாரும் உண்டு, கடித்து இழுக்கும் வேலையும் உண்டு. மணியை மட்டும் கொடுக்கக் கூடாது. அது முழுக்க மாவுச்சத்து.

பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், அதை மட்டுமே கொடுப்பவர்கள் நிறையவே கொடுக்க வேண்டியிருக்கும். மொட்டை மாடி கைவசம் இருப்பவர்கள், வெயில் நன்றாக அடிக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில் தாங்களே புல்லை உலர்த்திச் சேமித்துக்கொள்ளலாம். மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று முறை புரட்டி, தண்டை வளைத்தால் மடங்காமல் ஒடிகிற பதம் வரும்வரை காயவிட வேண்டும். பாதி காய்ந்த நிலையில் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை இங்கே மழையும் ஈரக்காற்றும் தொடர்வதால், கடையில் வாங்கிய உலர்புல்கூட நெகிழிப் பையில் இறுகக் கட்டிவைத்தால் கெட்டுவிடுகிறது. பருத்திப் பையிலோ காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியிலோ, சுவரையும் தரையையும் தொடாமல் வைப்பதே பாதுகாப்பு. நல்ல உலர்புல்லுக்கு இனிய புல்மணம் இருக்கும். மக்கிய வாடை வீசினாலோ, உதறும்போது வெண்தூசி பறந்தாலோ, விலையைப் பார்க்காமல் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

காய்கறியும் கீரையும் நாளுக்கு ஒரு விலங்குக்கு ஒரு கோப்பை அளவு போதும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. அவற்றின் முதன்மையான பயன் வைட்டமின் சி. மனிதரைப் போலவே கினிப் பன்றியாலும் அந்த வைட்டமினை உடலில் உருவாக்கிக்கொள்ள முடியாது. 1907-இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்னும் இருவர், பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினிப் பன்றிகளுக்குத் தானியத்தையும் ரொட்டியையும் மட்டும் ஊட்டிப் பார்த்தபோது, எதிர்பார்த்த நோய்க்குப் பதிலாக, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் தோன்றியது. முட்டைக்கோஸ் போன்ற பச்சைக் காய்கறியைச் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. வைட்டமின் சி-யைக் கண்டறிந்த வரலாற்றில் இது ஒரு முக்கியமான படி. ஆனால் அந்த ஆய்வுக்கூண்டில் அன்று வைக்கப்பட்ட உணவுக்கும், இன்று நம் வீடுகளில் வைக்கப்படும் விதைக் கலவைக்கும் ரொட்டித் துண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை எண்ணிப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ஸ்கர்வி கண்ட விலங்குக்கு மூட்டு வீங்கி நடக்க வலிக்கும், ஈறு தளர்ந்து மெல்ல வலிக்கும். அதனால் தின்பது குறைந்து, மேலே சொன்ன சுழல் தொடங்கிவிடும். வயிற்றுக் கோளாறுக்கும் வைட்டமின் சி-க்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரடியானது.

நாள்தோறும் உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை அந்த வைட்டமின் தேவை. பச்சைக் குடமிளகாயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 மில்லிகிராம் இருப்பதால், விதை நீக்கிய 30 கிராம் துண்டு ஒன்றே ஒரு நாளைக்குப் போதும். கொய்யாவில் இதைவிடப் பன்மடங்கு உண்டு என்றாலும் சர்க்கரையும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் விரலளவுத் துண்டுக்கு மேல் வேண்டாம். பெல்லட்டில் சேர்க்கப்பட்ட வைட்டமின் சி, தயாரித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெருமளவு சிதைந்துவிடுகிறது; கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும் தீனியில் தேதி பார்க்க வழியே இல்லை. குடிநீரில் சொட்டு மருந்தாகக் கலப்பதும் பயன் தருவதில்லை: வெளிச்சம் பட்டுச் சில மணி நேரத்தில் வீரியம் குறைவதோடு, சுவை மாறிய தண்ணீரை விலங்கு குடிக்காமல் விட்டுவிடவும் கூடும். நீர் குறைந்தால் குடலில் உள்ளது இறுகிவிடும்.

ஹாப்காம்ஸ் என்னும் கூட்டுறவுக் காய்கறிக் கடையிலும் தெருவில் வரும் கீரைக்காரம்மாவிடமும் கிடைப்பவற்றில் கொத்தமல்லி, வெள்ளரி, லெட்டூஸ் வகைகளில் பச்சையாக இலை விரிந்தவை ஆகியவை ஒத்துவரும். வெளிறி உருண்டையாக இருக்கும் ஐஸ்பெர்க் லெட்டூஸ் வெறும் தண்ணீர், புழுக்கையை இளக்கிவிடும். முளைக்கீரையும் பாலக்கும் ஆக்சலேட் மிகுந்தவை, முருங்கைக்கீரை சுண்ணாம்பு மிகுந்தது; இவற்றை அவ்வப்போது சில இலைகள் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். காலிஃபிளவரின் புற இலைகளைக் காய்கறிக்காரர் இலவசமாகக் கொடுக்கிறார் என்பதற்காக நாள்தோறும் கொண்டுவந்து கொட்டக் கூடாது. கோஸ் குடும்பத்துக் காய்கள் எல்லாமே வாயு உண்டாக்குபவை. கேரட் நம் எல்லோர் மனத்திலும் கினிப் பன்றியோடும் முயலோடும் இணைந்துவிட்ட காய். உண்மையில் அது இனிப்புப் பண்டத்தின் இடத்தில் வைக்க வேண்டியது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலையும் தண்டும், அவகாடோ ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். குளிர்காலத்தில் இங்கே வேறொரு சோதனை வருகிறது. கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் பசவனகுடியில் கடலெக்காய் பரிஷே என்னும் வேர்க்கடலைத் திருவிழா நடக்கும். தொடர்ந்து அவரைக்காய்ப் பருவம். வீடெல்லாம் வேர்க்கடலையும் உரித்த அவரைப்பருப்புமாக இருக்கையில், பிள்ளைகள் ஒன்றிரண்டைக் கூண்டுக்குள் போட்டுவிடுவார்கள். கடலையின் கொழுப்பும், பச்சை அவரையின் மாவும் நச்சுப்பொருள்களும் இந்த வயிற்றுக்கு ஆகாதவை.

எந்தப் புதிய தீனியையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. நுண்ணுயிர்க் கூட்டம் புதிய உணவுக்குப் பழக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வேண்டும். விதைக் கலவையிலேயே வளர்ந்த கினிப் பன்றி, புல்லை உணவென்றே அடையாளம் கண்டுகொள்ளாது. குட்டிப் பருவத்தில் தின்று பழகியதைத்தான் அது உணவாகக் கொள்ளும். பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்ற நம்பிக்கை இங்கே உயிருக்கே ஆபத்தாகிவிடும். பழைய தீனியை நாளுக்குச் சிறிது குறைத்துக்கொண்டே, புல்லின் நடுவே கொத்தமல்லித் தழையைச் செருகிவைத்து, முடிந்தால் புல் தின்னப் பழகிய இன்னொரு கினிப் பன்றியை அருகில் இருக்கச் செய்தால், அதைப் பார்த்து இதுவும் கற்றுக்கொள்ளும். இவை கூட்டமாக வாழும் பிராணிகள். துணையிருந்தால் நன்றாகத் தின்கின்றன.

வயிறு சரியாக இருக்கிறதா என்பதைக் கூண்டைச் சுத்தம் செய்யும் கையே சொல்லிவிடும். நலமான விலங்கின் புழுக்கை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், ஒரே அளவாக, கரும்பழுப்பாக, நசுக்கினால் சற்றே ஈரத்துடன் உள்ளே நறுக்கிய புல் தெரிவதாக இருக்கும்; நாளுக்கு 100-க்கும் மேல் விழும். அளவு சிறுத்தாலோ, ஒரு முனை கூம்பினாலோ, முடியால் கோத்ததுபோல் தொடர்ந்து வந்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ குடல் தளர்கிறது என்று கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வைப்பதும் அவசியம். வளர்ந்த விலங்கு 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும்; ஒரே வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால், கண்ணுக்கு நலமாகத் தெரிந்தாலும் அது சரியாகத் தின்னவில்லை.

வயிறு மத்தளம்போல் விறைத்திருந்தாலும், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாலும், தண்ணீராகப் பேதியானாலும், 12 மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தாலும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் நம் வீட்டு வைத்தியம் குறுக்கே வருகிறது. தயிர் வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று ஊட்டுகிறார்கள். வளர்ந்த கினிப் பன்றிக்குப் பால்பொருள் செரிக்காது. ஓம வாட்டரையும் கிரைப் வாட்டரையும் ஊட்டுவோரும் உண்டு; அவற்றில் சர்க்கரை கலந்திருந்தால், அது கெட்டுப்போன நொதிப்புக்கு மேலும் தீனி போடும். எல்லாவற்றையும்விடக் கொடியது, குழந்தைக்கு வாங்கி மீதமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை இரண்டு சொட்டு கொடுப்பது. பெனிசிலின் வகையைச் சேர்ந்த மருந்துகளும் கிளின்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் குருட்டுக்குடலின் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்று, குளோஸ்டிரிடியத்துக்கு இடம் விட்டுவிடுகின்றன. சில நாட்களில் விலங்கு இறந்துவிடும். 1940-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி என்னும் ஆய்வாளரின் குழு பெனிசிலினைச் சுண்டெலிகளில் சோதித்தது. கினிப் பன்றியில் முதலில் சோதித்திருந்தால் அதைக் கொடிய நஞ்சென்றே ஒதுக்கியிருக்கக் கூடும். நாயையும் பூனையையும் மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போக நேர்ந்தால், இந்தப் பட்டியலை மரியாதையோடு நினைவூட்டத் தயங்க வேண்டாம். நோய் வருமுன்பே, சிறு பிராணிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. மருத்துவர் பொதுவாக வலிக்கு மருந்தும் தோலுக்கடியில் திரவமும் கொடுத்து, நார் மிகுந்த மாவைக் குழைத்து ஊசியில்லாச் சிரிஞ்சால் ஊட்டச் சொல்வார். வயிறு உப்பி விறைத்திருக்கும் விலங்குக்கு மட்டும், அவர் பார்த்துச் சொல்லும்வரை வலிந்து எதையும் ஊட்டக் கூடாது.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சேலம், வேலூர் என்று ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் பக்கத்து வீட்டாரிடம் கூண்டை ஒப்படைத்துச் செல்வது வழக்கம். அப்போது உலர்புல்லைத் தேவைக்கு அதிகமாகவே கொடுத்துவிட்டு, பெல்லட்டை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டி வைக்கலாம். தண்ணீர்ப் புட்டி இரண்டு இருக்க வேண்டும். ஒன்றின் குழாய் அடைத்துக்கொண்டாலும் மற்றொன்று உதவும். காய்கறி வாங்கச் சிரமமாக இருந்தால் தினமும் ஒரு குடமிளகாய்த் துண்டு போதும் என்று சொல்லிவிடலாம்; முறுக்கோ அதிரசமோ எவ்வளவு சிறிய துண்டாக இருந்தாலும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டாசுச் சத்தத்தில் அஞ்சிய கினிப் பன்றி தின்பதை நிறுத்திவிடும் என்பதால், தீபாவளி இரவில் கூண்டைத் தெருப்பக்கம் இல்லாத உள்ளறைக்கு மாற்றி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலையில் கூண்டுத் தரையில் புதுப் புழுக்கை இருக்கிறதா என்று பார்த்துத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், நீங்கள் ஊரிலிருந்து திரும்பும்வரை காத்திராமல் அன்றே அவர்கள் மருத்துவரிடம் கொண்டு செல்வதற்கு வேண்டிய முகவரியும் பணமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.